விட்டுட்டோம் சார்

திண்டுக்கல் ரோட்டிலிருந்து நம் தெருவுக்குத் திரும்பும் முக்கில் ஒரு டீக்கடை இருக்கிறது அல்லவா, அங்கிருந்து ஒரு விசில் வரும். அரசாங்க வண்டி திரும்புகிறது என்று அர்த்தம். நீங்கள் இருவரும் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த விசில் உண்டு. அது காதில் விழுந்ததும் ஆண்கள் பன்றிகளைக் கண்மாய்க் கரைக்குப் பின்னால் ஓட்டுவார்கள். ஊர் ஊராக வாங்கிவந்த தலைமுடியை விற்பதற்காக வாசலில் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருக்கும் பெண்கள் முடி மூட்டையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். பிள்ளைகளுக்கு அவசரமாக முகம் கழுவி விபூதி பூசிவிடுவார்கள். அதுவரை தெருவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நம் மொழி சட்டென்று நின்றுபோகும். வண்டி வந்து நிற்கும்போது நாங்கள் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வரிசையாக நிற்போம், கல்யாண மண்டப வாசலில் வரவேற்க நிற்கிறவர்களைப் போல.

இது நம் முன்னோர் காட்டிலிருந்து கொண்டுவந்த பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அரசாங்கம் சொல்லிக்கொடுத்தது. அடித்தும் சொல்லிக்கொடுத்தது, சட்டை கொடுத்தும் சொல்லிக்கொடுத்தது.

உங்கள் தாத்தா காலத்தில் நம் கூட்டம் ஓரிடத்தில் தங்காது. மேலூர்ப் பக்கம் கரட்டுக் காடுகளில் வலை கட்டிக் கௌதாரி பிடிப்பார்கள், முயல் பிடிப்பார்கள், தேன் எடுப்பார்கள், ஊர் ஊராகப் போய் விற்பார்கள். அது அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. ஒருவன் நேற்று இங்கே இருந்தான், இன்றைக்கு அங்கே இருக்கிறான் என்றால் அவனைத் திருடன் என்று எழுதிவைப்பதுதான் அவர்களுக்கு வசதி. அப்புறம் ஒரு நாள் மனம் இளகி, விளாங்குடியில் இந்த இடத்தைக் காட்டி, ஒற்றை அறை வீடுகள் கட்டித் தந்தார்கள். கொண்டையை வெட்டிக்கொண்டவனுக்கு ஒரு வேட்டி, ஒரு சட்டை. வெட்டிக்கொண்ட வரிசையைப் பார்த்து ஒரு அதிகாரி, "இப்பத்தான்யா மனுசங்க மாதிரி இருக்கீங்க" என்றாராம். தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம், அதற்கு முன் எதைப் போல் இருந்தோம் என்று அவரிடம் கேட்காமல் விட்டுவிட்டேனே என்பார். தாத்தாவின் வலையை வனக்காவலர் ஒருவர் அவர் கண்ணெதிரிலேயே கத்தியால் கிழித்தார். இனிமேல் கையில் வலையைப் பார்த்தால் கேஸ் என்றார். அதோடு வலை போயிற்று.

என்னைத் திருத்தியது விடுதி. நம் மாதிரிப் பிள்ளைகளை நாகரிகமாக்குவதற்கென்றே நடத்தப்பட்ட விடுதி அது. சேர்ந்த அன்று மொட்டை. அன்றைக்கே பெயர் மாற்றம். வீட்டில் வைத்த பெயரைக் கேட்ட வார்டன், "இதெல்லாம் ஒரு பேராடா?" என்று சிரித்துவிட்டு, தன் இஷ்டத்துக்கு ஒரு சாமி பெயரை எழுதிக்கொண்டார். சாதியையும் அப்படியே மாற்றினார். உள்ளதை எழுதினால் நாளைக்கு எனக்குத்தான் அசிங்கம் என்று, கொஞ்சம் மரியாதையான ஒரு சாதியைப் போட்டுவிட்டாராம். நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் பின்னால் வந்து கழுத்தைப் பிடித்தது.

நம் மொழியில் ஒரு வார்த்தை பேசினால் போதும், வார்டன் குழாயடியைக் காட்டுவார். எல்லாரும் பார்க்க வாய் கொப்பளித்துவிட்டு வர வேண்டும். அடி கிடையாது. சாக்கடையைத் தின்றுவிட்டு வந்தவனைக் கழுவுகிற மாதிரி கொப்பளிக்க வைப்பார், அவ்வளவுதான். அடித்திருந்தால் மறந்திருப்பேன். பத்தாவது முடித்து வெளியே வரும்போது என் வாய் சுத்தமாக இருந்தது. இன்றைக்கும் நம் மொழியை நான் பேசினால் வெளியூர்க்காரன் பேசுகிற மாதிரித் தட்டுத்தடுமாறும். உங்கள் அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். அதனால் அவளிடம் மொழி தப்பித்தது. உங்கள் மூன்று பேருக்கும் அவள் பேச்சுதான் வந்திருக்கிறது.

இப்போது உங்கள் அக்கா கதைக்கு வருகிறேன். அவள் பிளஸ் டூ படிக்கும்போது நம் வீட்டுப் பெரிய பன்றி குட்டி போட முடியாமல் கிடந்து தவித்தது. கால்நடை டாக்டருக்கு அவளே போன் செய்தாள். "பன்னிக்கெல்லாம் நான் வரமாட்டேன்மா" என்று அவர் போனை வைத்துவிட்டார். உங்கள் அம்மா கையை விட்டு எப்படியோ குட்டிகளை வெளியே எடுத்தாள். அக்கா அன்று ராத்திரி சாப்பிடும்போது, "நான் பன்னிக்கு வர்ற டாக்டராகப் போறேன்" என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். நல்ல மார்க்கோடு வந்து நின்றாள்.

கால்நடைக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் வேண்டுமென்றால் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். கலந்தாய்வுக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் கிடையாது. விண்ணப்பித்தோம். அப்பாவின் பள்ளிச் சான்றில் வேறு சாதி இருக்கிறதே என்று திருப்பி அனுப்பினார்கள். அதைப் போட்டதே உங்கள் ஆட்கள்தான் என்று எழுதிக்கொடுத்தேன். நேரில் விசாரிக்க ஓர் ஆபீசர் வருவார் என்றார்கள்.

விசில் வந்தது. அன்றைக்கு நம் தெரு இருந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்போது நீங்கள் சின்னப் பிள்ளைகள், ஞாபகம் இருக்குமோ என்னவோ. சாணி தெளித்து, கோலம் போட்டு, பினாயில் ஊற்றியிருந்தோம். அக்காவே அந்தப் பெரிய பன்றியை, அவளைப் படிக்க வைத்த பன்றியை, கண்மாய்க்கு ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு பன்றி கூட இல்லாத அந்தத் தெருவில் இறங்கிய ஆபீசர், பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். பினாயில் வாசம் அவருக்கு ஆகாதோ என்னவோ. கூடவே வி.ஏ.ஓ. வந்தார். நல்ல மனிதர், ஆனால் ஆபீசருக்கு முன்னால் இருமக்கூட யோசிப்பவர்.

ஆபீசர் நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், வாசலில் நின்ற உங்கள் மாமாவின் பைக்கைப் பார்த்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"என்ன வேட்டை ஆடுவீங்க?"

விளாங்குடியில் என்ன வேட்டை ஆடுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு பக்கம் திண்டுக்கல் ரோடு, ஒரு பக்கம் பிளாட் போட்ட இடம், நடுவில் சாக்கடை. ஆனால் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மூன்று தலைமுறையாக எங்களைப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பதிலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"அதெல்லாம் விட்டுட்டோம் சார்."

"கொண்டை போடுறதில்லையா?"

"விட்டுட்டோம் சார். எங்க அய்யா காலத்துலயே விட்டாச்சு."

"பன்னி வளர்ப்பீங்கல்ல?"

"இல்ல சார்" என்று நம் தெருவே ஒரே குரலில் சொன்னது.

"சாமிக்கு உசுருப் பலி?"

"சர்க்கரைப் பொங்கல்தான் சார்."

அவர் கேட்கக் கேட்க எனக்குப் பெருமை ஏறிக்கொண்டே போனது. வார்டன் இருந்திருந்தால் என் முதுகைத் தட்டியிருப்பார். ஆபீசர் கடைசியாகச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, "நல்லா சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார். கும்பிட்டேன். வண்டி ஏறும்போது வி.ஏ.ஓ. என் காதருகே, "ஏன்யா கெடுத்துக்கிட்ட?" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். எதைக் கெடுத்தேன் என்று புரியாமல் நின்றேன்.

பதில் வந்ததும் புரிந்தது. பழங்குடியினருக்குரிய பழக்கவழக்கங்கள் எதுவும் காணப்படவில்லை, நிராகரிக்கப்படுகிறது. விடு, விடு என்று சொல்லி எல்லாவற்றையும் விட வைத்தவர்கள், இப்போது வந்து எங்கேடா அதெல்லாம் என்று கேட்கிறார்கள். ஒருவனுடைய சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, சட்டையில்லாத நீ எப்படி மனுசன் என்று கேட்பவனிடம் என்ன பேசுவீர்கள்? இதற்குப் படிப்பு, பரீட்சை, சம்பளம், ஜீப், டிரைவர்.

இந்த ஆபீஸ்காரர்கள் வருசத்துக்கொரு தரம் ஒரு விழா நடத்துவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பழங்குடிகளைக் கௌரவிக்கிற விழா. அதற்கு நம் தெருவிலிருந்துதான் ஆள் கேட்பார்கள். மயிலிறகு குத்தி, முகத்தில் மை பூசி, பெரிய அதிகாரிகள் முன்னால் ஆட வேண்டும். மயிலிறகை அவர்களே கொண்டுவருவார்கள், முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்வார்கள். அந்த ஆட்டத்துக்கு மட்டும் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை.

மேல்முறையீடு செய்தோம். அதே ஆபீசரே மறுபடி வருவார் என்று தகவல் வந்தது. கலந்தாய்வுக்கு அதிக நாள் இல்லை. அன்று சாயங்காலம் உங்கள் மாமா வந்தார். உங்களுக்கே தெரியும், அவருக்கு அழுகிற இடத்திலும் சிரிப்புதான் வரும்.

"மச்சான், இந்தத் தடவை இலையக் கட்டிக்கிட்டு மரத்துல ஏறி நின்னுருவோம். மனுசன் அசந்துபோயிருவாரு."

"மரம் எங்கடா இருக்கு மாப்ள? எல்லாத்தையும் வெட்டித்தான பிளாட் போட்டுட்டாங்க."

"அப்ப கரண்ட் கம்பத்துல ஏறிக்கிருவோம்."

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "பிள்ளை வாழ்க்கை அந்தரத்துல தொங்குது, ஒங்க ரெண்டு பேருக்கும் எகத்தாளம் கேக்குதோ?"

மாமா குரலைத் தாழ்த்தினார். "வலையக் காட்டணும் மச்சான். வேட்டை வலைய. அதைப் பார்த்தா நம்புவாங்க."

"வலையத்தான் கிழிச்சுட்டாங்களே. வேட்டையாடுறோம்னு சொன்னா கேஸு. இல்லன்னா சர்ட்டிபிகேட் இல்ல. எதைச் சொல்லச் சொல்ற?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வலை பேசும்."

மறுநாள் தெருப் பயல்கள் விளையாடும் பொட்டலில் வாலிபால் வலையைக் காணோம். எங்கே என்று பயல்கள் தேடியபோது அது நம் வீட்டுக்குப் பின்னால் அண்டாவுக்குள் டீத்தூள் சாயத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. மாமா கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். அக்கா வந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது வேணாம் மாமா."

"ஒனக்கு டாக்டராகணுமா வேணாமா தாயி?"

"ஆகணும். பொய் சொல்லி ஆகணுமா?"

"பொய்யி எங்கடி சொல்றேன்? நம்ம தாத்தாகிட்ட வலை இருந்தது நெசந்தான? அதைக் கிழிச்சது நெசந்தான? அதுக்குப் பதிலு இது."

மாமா சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. விட்டுட்டோம் என்று உண்மையைச் சொன்ன அன்று என்ன கிடைத்தது என்று பார்த்துவிட்டோமே.

இந்த முறை விசில் வந்தபோது நாங்கள் தலைகீழாக ஓடினோம். கண்மாய்ப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த பன்றிகளைத் தெருவுக்குள் ஓட்டிவந்தோம். டிவியின் மேல் சேலையைப் போட்டோம். மாமா பைக்கைப் பக்கத்துத் தெருவில் நிறுத்தினார். பழைய பழக்கத்தில் பிள்ளைகளுக்கு முகம் கழுவப்போன ஒருத்தியை, "கழுவாத, கழுவாத!" என்று நாலு பேர் தடுத்தார்கள்.

ஆபீசர் வந்தார். கர்ச்சீப் வந்தது. இந்தத் தடவை அதற்கு வேலையும் இருந்தது. வாசலில் கம்பில் தொங்கிய வலையைக் கண்டதும் அவர் முகம் மாறியது. தொலைந்துபோன மாட்டைக் கண்டவர் மாதிரி நேராக அதனிடம் போனார்.

"இது என்ன?"

"வலை சார்" என்றார் மாமா.

"வேட்டை வலையா?"

"எங்க பாட்டன் காலத்துல கட்டுனது சார். இப்ப கட்டுறதில்ல. சாமி மாதிரி வச்சிருக்கோம்."

ஆபீசர் வலையை விரலால் இழுத்துப் பார்த்தார். "நல்லா உறுதியா இருக்கே. மரப்பட்டை நாரா?"

"ஊற வச்சு எடுக்கிறது சார்" என்றார் மாமா. ஊற வைத்தது உண்மைதானே.

"மேல இந்தத் துணிப்பட்டை எதுக்கு?"

"அது மேல் பக்கம்னு தெரியுறதுக்கு சார். ரெண்டு பக்கமும் கம்புல கட்டணும்ல."

அதுவும் உண்மைதான். வி.ஏ.ஓ. திடீரென்று திரும்பிக்கொண்டு இருமினார். அவர் மகன் பள்ளியில் வாலிபால் ஆடுகிறவன். ஆபீசர் செல்போனை எடுத்து வலையை முன்னாலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று போட்டோ எடுத்தார். மாமாவை வலைக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒன்று. சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லி இன்னொன்று.

பிறகு அக்காவைப் பார்த்தார். "நீதான் மனு போட்ட பொண்ணா? உங்க பாஷை தெரியுமா? பேசு பாப்போம்."

பேசு பாப்போம். கிளியிடம் சொல்வது போல் சொன்னார். எந்த வாயைக் குழாயடியில் வைத்துக் கழுவினார்களோ அந்த வாயைத் திறந்து காட்டச் சொன்னார்.

அக்கா பேசினாள். கையைக் கட்டிக்கொள்ளாமல், குரலை உயர்த்தாமல், அவர் கண்ணைப் பார்த்து நம் மொழியில் நீளமாகப் பேசினாள். தெருவில் ஒரு பன்றியைத் தவிர யாரும் அசையவில்லை. உங்கள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லாத்தான் பேசுது" என்றார் ஆபீசர் என்னிடம். அவருக்கு ஒரு எழுத்துகூடப் புரிந்திருக்காது. "என்ன சொல்லுச்சு?"

"ஐயாவுக்கு வணக்கம் சொல்லுது சார், நீங்க வந்தது ரொம்ப…"

"இல்லப்பா" என்றாள் அக்கா. "நானே சொல்றேன்."

தமிழில் சொன்னாள். "உங்க தாத்தா என்ன தின்னாரு, எப்படி முடி வளர்த்தாருன்னு எந்த ஆபீஸ்லயாவது உங்களை நிக்க வச்சுக் கேட்டிருக்காங்களா சார்னு கேட்டேன். எங்க தாத்தா வலையக் கிழிச்சதும் கவர்மென்ட்டுதான், எங்கப்பா வாயைக் கழுவுனதும் கவர்மென்ட்டுதான்னு சொன்னேன். ஒண்ணும் இல்லாம ஆக்கிட்டு ஒண்ணும் இல்லையேன்னு எழுதுறீங்க, அதை எழுதக் கை கூசலையான்னு கேட்டேன். அம்புட்டுதான் சார்."

ஆபீசரின் காது சிவந்ததை நான் பார்த்தேன். "வாய் ரொம்ப நீளம்" என்று வி.ஏ.ஓ.விடம் சொல்லிவிட்டு, பன்றிச் சாணியை மிதிக்காமல் எட்டி எட்டி வைத்து வண்டிக்குப் போனார். கேள்வி கேட்கத் தெரிந்தவருக்குக் காது கொடுத்துக் கேட்கத் தெரியவில்லை.

அதன் பிறகு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. உங்கள் அம்மா அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். முடி வாங்கப் போன இடமெல்லாம், பிள்ளை படிப்பைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள் என்று அழுதிருக்கிறாள். மாமா மட்டும், "எம்புட்டு அழகாப் பேசுச்சு தெரியுமா? அது ஒண்ணுக்கே சர்ட்டிபிகேட் குடுக்கணும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தன்பாட்டுக்குப் பன்றிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள்.

கலந்தாய்வுக்கு இரண்டு நாள் முன்னால் வி.ஏ.ஓ. பைக்கில் வந்து இறங்கினார். "வந்துருச்சுய்யா. போய் வாங்கிக்க" என்றார். உங்கள் அம்மா அவர் காலில் விழப்போனாள். அவர் பதறி விலகினார்.

"எங்க பாப்பா பேசுனதைக் கேட்டுத்தான சார் குடுத்தாங்க?" என்றார் மாமா.

வி.ஏ.ஓ. கொஞ்சம் தயங்கினார். "பாப்பா பேசுனதைப் பத்தி ரிப்போர்ட்ல ஒரு வரிகூட இல்லப்பா. பாஷையைப் பத்தியும் இல்ல. வலையப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்காரு. ஒன் போட்டோவும் இருக்கு, சட்டை இல்லாம."

மாமா அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. அக்கா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

இடம் கிடைத்தது. இப்போது அக்கா கல்லூரி விடுதியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது வராந்தாவில் நின்று, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி அம்மாவோடு நம் மொழியில்தான் பேசுகிறாளாம். அங்கே யாரும் குழாயடிக்குப் போகச் சொல்வதில்லையாம். சொல்லிப் பார்க்கட்டும்.

வாலிபால் வலையைப் பயல்களிடம் திருப்பிக் கொடுத்தோம். எவ்வளவு துவைத்தும் டீச்சாயம் போகவில்லை. அப்படியே பொட்டலில் கட்டி ஆடுகிறார்கள்.

போன மாசம் பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனுக்கு விண்ணப்பித்ததற்கு விசாரணை வந்தது. விசில் கேட்டது. இந்த முறை யாரும் ஓடவில்லை. பன்றிகளை உள்ளேயும் ஓட்டவில்லை, வெளியேயும் ஓட்டவில்லை. டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, உங்கள் அம்மா வாசலில் உட்கார்ந்து முடி சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அதே ஆபீசர்தான் இறங்கினார், அதே கர்ச்சீப்போடு. பொட்டலில் உங்கள் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் வலைக்கு மிக அருகில் வந்து நின்றார். தான் இழுத்துப் பார்த்த வலை, போட்டோ எடுத்த வலை. அதன் மேல் பட்டைக்குக் கீழாகத்தான் எங்களைப் பார்த்தார்.

"பாருய்யா, வாலிபால் எல்லாம் ஆடுறானுங்க. இவங்களப் போயி எப்படிய்யா பழங்குடின்னு எழுதுறது?" என்றார் வி.ஏ.ஓ.விடம்.

வி.ஏ.ஓ. வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "சர்வீஸப் போடுங்கடா, ஆபீசர் பாக்கட்டும்" என்று கத்தினார்.

பந்து வலையில் பட்டு ஆபீசரின் காலடியில் விழுந்தது. சின்னவனே, நீதான் எடுக்கப் போனாய். அவர் நகராமல் நின்றார். நீ நிமிர்ந்து பார்த்து நம் மொழியில், கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்றாய்.

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் தள்ளி நின்றார்.